நிண்டெண்டோவும் காப்புரிமை வழக்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நிண்டெண்டோவுக்குக் கோடிக்கணக்கில் அபராதம்" என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகள் எழுகின்றன. பால்வேர்ல்ட் என்ற கேமின் தயாரிப்பாளர் மீது நிண்டெண்டோவே தொடுத்த வழக்குக்குப் பிறகு அவை எதிர்த்திசையிலும் வருகின்றன: நிண்டெண்டோ பிறர் மீது வழக்குப் போடலாமா, கேம் செய்யும் சிறு குழுக்கள் என்ன செய்ய வேண்டும் என்று. இரண்டு பக்கத்துக்கும் இங்கே பதில் இருக்கிறது. காப்புரிமை என்று இங்கே சொல்வது கண்டுபிடிப்புக்கான பேட்டன்ட் உரிமையை. கதை, இசை, ஓவியத்துக்கான பதிப்புரிமை வேறு சட்டம்.

நிண்டெண்டோ மீது ஏன் இத்தனை வழக்குகள்?

அதன் தொழில் அமைப்புதான் முதல் காரணம். 1889ல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு தயாரிப்பாளராகத் தொடங்கிய இந்த நிறுவனம், இன்று கன்சோலையும் (கேம் ஆடும் பெட்டி) அதில் ஓடும் முக்கியமான கேம்களையும் தானே உருவாக்குகிறது. போட்டியாளர்கள் வேகமான சிப்பை முன்னிறுத்தினால், நிண்டெண்டோ பிடிக்கும் விதத்தையும் பார்க்கும் விதத்தையும் மாற்றிக் காட்டி விற்கும். 2006ல் வந்த வீ, கையசைவில் ஆட வைத்தது. 2011ல் வந்த 3டிஎஸ், கண்ணாடி இல்லாமல் முப்பரிமாணம் காட்டியது. இப்படிப் புதிதாகத் தொடும் ஒவ்வொரு துறையிலும் யாரோ ஒருவர் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே காப்புரிமை எழுதி வைத்திருப்பார்.

இரண்டாவது, எண்ணிக்கை. வீ உலகம் முழுக்க 10.16 கோடி விற்றது. எல்லாப் பெட்டியிலும் ஒரே கன்ட்ரோலர். ஒரு காப்புரிமை மீறப்பட்டதாக முடிவானால் அந்த நாட்டில் விற்ற அத்தனை பெட்டியும் கணக்கில் வந்துவிடும். இழப்பீட்டைப் பெட்டிக்கு இத்தனை டாலர் என்று பெருக்கிக் கேட்பதுதான் வழக்கம். தோற்றுப்போன கன்சோல் மீது யாரும் பெரிய வழக்குப் போடுவதில்லை.

வழக்குப் போடுபவர்கள் யார்?

பெரும்பாலும் சொந்தமாகக் கடையில் பொருள் விற்காதவர்கள். காப்புரிமையை மட்டும் கையில் வைத்திருக்கும் நிறுவனங்கள், தனிக் கண்டுபிடிப்பாளர்கள், வாங்கிய காப்புரிமையை வைத்து வசூல் செய்பவர்கள். இவர்களிடம் பொருள் இல்லாததால் நிண்டெண்டோ பதில் வழக்குப் போட்டு மிரட்ட முடியாது. பிலிப்ஸ் போன்ற பெரிய நிறுவனம் வந்தால் நிலைமை வேறு, அதைக் கீழே பார்க்கலாம்.

பொருள் இல்லாதவர்களுக்கு ஒரு வழி மட்டும் குறுகலானது. அமெரிக்கச் சர்வதேச வர்த்தக ஆணையத்திடம் போனால் இறக்குமதிக்கே தடை வாங்கலாம். ஆனால் அந்தக் காப்புரிமையைச் சார்ந்த தொழில் அமெரிக்காவில் நடப்பதாகவோ உருவாகி வருவதாகவோ காட்ட வேண்டும். வீ மீது வந்த மோட்டிவா நிறுவனம் இதில்தான் விழுந்தது. வழக்குக்குச் செய்த செலவைத் தொழிலில் போட்ட முதலீடாக ஏற்க முடியாது என்று ஆணையம் சொன்னது, 2013ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அமெரிக்காவில் ஒரு வழக்கு எப்படி நகரும்?

புகார் மனு தாக்கலாகி, பிரதிவாதியிடம் சேர்ப்பிக்கப்படும். அந்த நாளிலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும்: காப்புரிமை செல்லாது என்று காப்புரிமை அலுவலகத்தின் தீர்ப்பாயத்தில் மனுப் போட நினைத்தால் ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். 2012 செப்டம்பரில் வந்த வழி இது. மனுவை விசாரணைக்கு எடுக்கச் சுமார் ஆறு மாதம், எடுத்தபின் முடிவுக்கு ஓராண்டு.

நீதிமன்றத்தில் அடுத்து வருவது காப்புரிமையின் சொற்களுக்கு நீதிபதி பொருள் கூறும் கட்டம். வெளியாட்களுக்கு இது சலிப்பாகத் தெரியும். வழக்கின் பாதி முடிவு இங்கேதான் ஆகிறது. பிறகு ஆவணப் பரிமாற்றம், நிபுணர் அறிக்கை, ஜூரி விசாரணை. ஜூரி தொகை சொன்ன பிறகும் அதே நீதிபதி அதை மாற்றலாம், ரத்தும் செய்யலாம். அதன் பிறகு வாஷிங்டன் டி.சி.யில் உள்ள ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம். நாட்டின் காப்புரிமை மேல்முறையீடுகள் எல்லாம் அங்கேதான் போகும்.

கியோட்டோ நிறுவனத்தை ஏன் டெக்சாஸில் வழக்குக்கு இழுத்தார்கள்?

டெக்சாஸின் கிழக்கு மாவட்ட நீதிமன்றம் வேகமாக விசாரிக்கும், வாதிகளுக்கு அது பிடித்த இடம். அமெரிக்க நிண்டெண்டோவின் தலைமையகமோ வாஷிங்டன் மாநிலத்தின் ரெட்மண்டில் இருக்கிறது. அதனால் வாதிகள் கன்சோலை விற்கும் கடைகளையும் பிரதிவாதிகளாகச் சேர்த்தார்கள். கடை டெக்சாஸில் இருக்கிறது, வழக்கும் அங்கேயே இருக்கட்டும் என்ற கணக்கு. 2009ல் மோட்டிவா வழக்கை ரெட்மண்டுக்கு அருகிலுள்ள சியாட்டிலுக்கு மாற்ற ஃபெடரல் சர்க்யூட் உத்தரவிட்டது. 2014ல் 3டிஎஸ் தொடர்பான இன்னொரு வழக்கில், கடைகளைத் தனியே பிரித்து நிறுத்திவைத்து, உற்பத்தியாளரை மட்டும் அவர் ஊரில் விசாரியுங்கள் என்றது. 2017ல் உச்ச நீதிமன்றம் அமெரிக்க நிறுவனங்களை எங்கே வழக்குக்கு இழுக்கலாம் என்பதையே இறுக்கிவிட்டது.

ஜூரி விதித்த பெரிய தொகைகளை நிண்டெண்டோ கட்டியதா?

செய்தித் தலைப்பை மட்டும் படிப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பெரிய வழக்குகள் நான்கைப் பாருங்கள்.

முதலாவது அல்பெக்ஸ். அமெரிக்காவில் என்இஎஸ் என்ற பெயரில் விற்ற பழைய கன்சோல் மீது 1986ல் போட்ட வழக்கு. 1994ல் 20 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு. அல்பெக்ஸின் காப்புரிமை, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கிப் படம் வரையும் முறை பற்றியது. நிண்டெண்டோவின் சிப் அப்படி முழுத் திரையைச் சேமிக்காது. சிறு படத்துண்டுகளை எடுத்து, திரை வரையப்படும் வேகத்திலேயே வரிவரியாக அனுப்பும். இரண்டும் ஒன்றல்ல என்று 1996ல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது.

இரண்டாவது அனாஸ்கேப். 2008 மே மாதம் டெக்சாஸ் ஜூரி 2.1 கோடி டாலர் விதித்தது. வீக்கு முந்தைய கன்சோலான கேம்கியூபின் கன்ட்ரோலர், அதன் வயர்லெஸ் வகையான வேவ்பேர்ட், வீயின் கிளாசிக் கன்ட்ரோலர் ஆகியவை மீறல் என்றது, வீ ரிமோட்டை விட்டுவிட்டது. இந்த வழக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. வழக்குக்கு அடிப்படையான விண்ணப்பம் 2000ல் போடப்பட்டது. ஆனால் அனாஸ்கேப் தன் 1996 விண்ணப்பத்தின் தேதியை அதற்குக் கோரியது. 1996 ஆவணம் விவரித்ததோ ஆறு அச்சிலும் அசையும் ஒரே ஒரு பிடியை. 2000 ஆவணம் பல குச்சிகளும் பொத்தான்களும் கொண்ட கன்ட்ரோலருக்கு உரிமை கேட்டது. முதல் ஆவணத்தில் இல்லாததற்கு முதல் ஆவணத்தின் தேதி கிடைக்காது என்று 2010ல் ஃபெடரல் சர்க்யூட் முடிவு செய்தது. தேதி 2000க்குத் தள்ளிப்போனதும், இடையில் 1998ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சோனியின் டூயல்ஷாக் கன்ட்ரோலர் முன்னே நின்றது. காப்புரிமை விழுந்தது, தொகையும் போனது.

மூன்றாவது டொமிடா. முன்னாள் சோனி பணியாளரான செய்ஜிரோ டொமிடா, தன் முப்பரிமாணத் திரை மாதிரியை 2003ல் நிண்டெண்டோ அலுவலர்களிடம் காட்டியிருந்தார். அதனால் ஜூரி முன் அவர் வழக்கு வலுவாகவே இருந்தது. 2013 மார்ச்சில் 3.02 கோடி டாலர். நீதிபதி அதைப் பாதியாக்கி, இனி விற்கும் ஒவ்வொரு 3டிஎஸ்க்கும் மொத்தவிலையில் 1.82 சதவீதம் ராயல்டி என்று வைத்தார். 2014ல் மேல்முறையீடு அதை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. 2016ல், காப்புரிமையில் காட்டிய அமைப்பு 3டிஎஸ்ஸில் இல்லை என்று முடிவானது.

நான்காவது ஐலைஃப். முதியவர்கள் கீழே விழுவதை உணரும் கருவிக்கான தன் தொழில்நுட்பம் வீ ரிமோட்டில் இருக்கிறது என்று வழக்குப் போட்டது. பெட்டிக்கு 4 டாலர், 3.6 கோடி பெட்டி, ஆக 14.4 கோடி டாலர் என்று கேட்டது. 2017ல் டல்லாஸ் ஜூரி கொடுத்தது 1.01 கோடி. 2020ல் அதே நீதிமன்ற நீதிபதி, இது வெறும் கருத்தளவிலான யோசனை, காப்புரிமைக்குத் தகுதியில்லை என்று ரத்து செய்தார். 2021ல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு.

நான்கிலும் ஜூரி விதித்த தொகை நிலைக்கவில்லை. ஜூரி தொகை வந்த நாளில் நிறுவனத்தின் இழப்பைக் கணக்கிடுவது வீண் வேலை.

இந்த வழக்குகள் எதில் திரும்புகின்றன?

காப்புரிமை ஆவணத்தின் கடைசியில் எண் போட்டு எழுதியிருக்கும் உரிமைக் கோரிக்கைகளில். படமும் விளக்கமும் எவ்வளவு ஒத்திருந்தாலும் பயனில்லை. கோரிக்கையில் சொன்ன ஒவ்வொரு உறுப்பும் பொருளில் இருக்க வேண்டும்.

அல்டிமேட்பாயின்டர் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அதன் காப்புரிமை, திரையை நேராகச் சுட்டும் கைக்கருவி பற்றியது. வீ ரிமோட்டும் சுட்டத்தானே செய்கிறது என்று தோன்றும். ஆனால் டிவிக்கு மேலே வைக்கும் சென்சார் பாரில் உண்மையில் சென்சார் கிடையாது. அதன் இரு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள்தான். கேமரா ரிமோட்டுக்குள் இருக்கிறது, அது அந்த விளக்குகளைப் பார்த்துத் தன் நிலையைக் கணக்கிடுகிறது. பாரை அரை அடி நகர்த்தினால், கையை ஆட்டாமலே திரையில் அம்புக்குறி நகரும். அதாவது ரிமோட் சுட்டுவது திரையை அல்ல, பாரை. 2016ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீறல் இல்லை என்று உறுதி செய்தது.

டிரைடன் டெக் வழக்கு இன்னும் சுருக்கம். சென்சார் அளவீடுகளைக் கூட்டித் தொகுக்கும் பகுதி ஒன்று உண்டு என்று காப்புரிமை சொன்னது, எந்தக் கணக்கு முறையில் என்று சொல்லவில்லை. தெளிவில்லை, செல்லாது என்று 2014ல் முடிந்தது.

அப்படியானால் நிண்டெண்டோவுக்கு ஆபத்தே இல்லையா?

இருக்கிறது, வேறு இடங்களில்.

முதலில் தொடர் ராயல்டி. டொமிடா வழக்கின் 1.82 சதவீதம் சிறிதாகத் தெரியலாம். ஆனால் 2011 ஆகஸ்டில் 3டிஎஸ் விலையை அமெரிக்காவில் 249.99 டாலரிலிருந்து 169.99க்குக் குறைத்தபின், நிண்டெண்டோ அதைச் சில காலம் நஷ்டத்துக்கே விற்றது. நஷ்டத்துக்கு விற்கும் பெட்டிக்கு ராயல்டி வைத்தால் அது நேராக நஷ்டத்தில்தான் சேரும்.

அடுத்து விற்பனைத் தடை. இழப்பீட்டைக் கட்டிவிடலாம், தீபாவளி மாதிரி ஒரு விற்பனைப் பருவத்தில், அதாவது நவம்பர், டிசம்பரில், கன்ட்ரோலர் கடையில் இல்லாமல் போனால் ஈடுகட்ட முடியாது. அனாஸ்கேப் வழக்கிலும் தடைப் பேச்சு எழுந்தது, மேல்முறையீடு முடியும்வரை அது நிறுத்தி வைக்கப்பட்டது.

பிறகு, சமமான எதிரி. பிலிப்ஸ் வழக்கில் 2014 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம், வீயின் அசைவு உணர்தல் இரண்டு காப்புரிமைகளை மீறுகிறது என்றது. அதே டிசம்பரில் இருவரும் ஒருவருக்கொருவர் உரிமம் கொடுத்துச் சமரசம் ஆனார்கள்.

எப்போதும் எதிர்த்து நிற்பதே லாபம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதிர்வு கன்ட்ரோலர் தொடர்பாக இம்மெர்ஷன் நிறுவனம் மைக்ரோசாஃப்ட், சோனி இரண்டின் மீதும் 2002ல் வழக்குப் போட்டது. மைக்ரோசாஃப்ட் 2003ல் 2.6 கோடி டாலரில் சமரசம் ஆனது. சோனி எதிர்த்து நின்றது, 2004ல் ஜூரி 8.2 கோடி விதித்தது, 2007ல் முடிக்கும்போது சோனி கொடுத்தது சுமார் 15 கோடி. அந்த வழக்கு நடந்த காலத்தில்தான் 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 அதிர்வே இல்லாத கன்ட்ரோலருடன் வெளிவந்தது. நிண்டெண்டோவின் வெற்றிகள் அந்தந்தக் காப்புரிமையின் பலவீனத்தால் வந்தவை.

முதலீட்டாளர் இதை எப்படி எடைபோட வேண்டும்?

தொகையைச் செயல்பாட்டு லாபத்தோடு ஒப்பிடுங்கள். அனாஸ்கேப்பின் 2.1 கோடி டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 220 கோடி யென். 2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிண்டெண்டோவின் செயல்பாட்டு லாபம் சுமார் 55,500 கோடி யென். அரை சதவீதம்கூட வராது. அதே நிறுவனம் 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் சுமார் 3,730 கோடி யென் செயல்பாட்டு நஷ்டம் காட்டியது. காரணம் எந்த வழக்கும் இல்லை: 3டிஎஸ் விலைக் குறைப்பு, வீயின் சரிவு, யென்னின் உயர்வு. ஒரே கன்சோல் தலைமுறையை நம்பியிருப்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய ஆபத்து. வழக்குகளில் கவனிக்க வேண்டியது மூன்று: தடை கேட்கிறார்களா, தொடர் ராயல்டி உண்டா, காப்புரிமை காலாவதியாக இன்னும் எத்தனை ஆண்டு.

கொலோப்ல் வழக்கு என்ன?

இங்கே நிண்டெண்டோதான் வாதி. கொலோப்ல் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஸ்மார்ட்ஃபோன் கேமான வெள்ளைப் பூனைத் திட்டம் தொடர்பாக, தொடுதிரையில் விரலால் பாத்திரத்தை நகர்த்தும் முறை உள்ளிட்ட காப்புரிமைகளை மீறியதாக 2017 டிசம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் தொடுத்தது. முதலில் கேட்டது 440 கோடி யென், படிப்படியாக உயர்த்தி 969.9 கோடி வரை போனது. 2021 ஆகஸ்டில், எதிர்கால உரிமத்தையும் சேர்த்து கொலோப்ல் 330 கோடி யென் கொடுத்துச் சமரசம் ஆனது. ஜப்பானில் ஜூரி இல்லை. திடீர்த் தொகைகள் குறைவு, ஆனால் கேமின் ஆயுள் முழுக்க வழக்கு ஓடிக்கொண்டிருக்கும் அழுத்தம் அதிகம்.

பால்வேர்ல்ட் வழக்கில் கேட்ட தொகை ஏன் இவ்வளவு சிறியது?

2024 செப்டம்பர் 18ல் நிண்டெண்டோவும் போகிமான் கம்பெனியும் பால்வேர்ல்டைத் தயாரித்த பாக்கெட்பேர் மீது வழக்குத் தொடுத்தன. ஒவ்வொன்றும் கேட்டது 50 லட்சம் யென்னும் தாமத வட்டியும் மட்டும். வழக்கின் அடிப்படையான மூன்று ஜப்பானியக் காப்புரிமைகளும் அந்த ஆண்டில்தான் பதிவாகின. பதிவுக்கும் வழக்குக்கும் இடைப்பட்ட சில மாதங்களுக்குத்தான் இழப்பீடு கேட்டார்கள். பணம் இங்கே முக்கியமில்லை. கூடவே கேட்ட தடை உத்தரவுதான் வழக்கின் உயிர்.

அதன் விளைவு கேமிலேயே தெரிகிறது. முன்பு பால் ஸ்பியர் என்ற உருண்டையை எறிந்தால், அது விழுந்த இடத்தில் உயிரினம் தோன்றும். 2024 நவம்பர் 30ல் வந்த 0.3.11 பதிப்பிலிருந்து அது வீரரின் பக்கத்திலேயே தோன்றுகிறது. 2025 மே மாதம் வந்த 0.5.5 பதிப்பில், உயிரினத்தைப் பிடித்துக்கொண்டு காற்றில் மிதப்பது போய், கையிருப்பில் கிளைடர் இருந்தால்தான் மிதக்க முடியும் என்றானது. தீர்ப்புக்கு முன்பே தயாரிப்பு மாறிவிட்டது. சிறு நிறுவனத்துக்கு வழக்கின் உண்மையான விலை இதுதான்.

கேம் 2024 ஜனவரியில் வந்துவிட்டது. அதன் பிறகு விண்ணப்பித்த காப்புரிமை எப்படிச் செல்லும்?

பிரிவு விண்ணப்பம் என்ற முறையால். மூல விண்ணப்பம் 2021 டிசம்பரைச் சேர்ந்தது. அது இன்னும் நிலுவையில் இருக்கும்வரை, அதே விவரணையிலிருந்து புதிய கோரிக்கைகளைப் பிரித்து எழுதித் தாக்கல் செய்யலாம், தேதி மட்டும் மூலத்தின் தேதியாகவே நிற்கும். போட்டியாளரின் கேமைப் பார்த்துவிட்டு, அதற்குப் பொருந்தும்படி கோரிக்கையை எழுதலாம். சட்டம் இதை அனுமதிக்கிறது. எங்கள் பார்வையில் சிறு தயாரிப்பாளர்களுக்கு இது நியாயமான விளையாட்டு மைதானமாக இல்லை. எல்லை ஒன்றுதான்: மூல ஆவணத்தில் இல்லாததைச் சேர்க்க முடியாது. அனாஸ்கேப்பை வீழ்த்திய அதே விதி.

அலுவலகம் கொடுத்த காப்புரிமையை எதிர்க்க முடியுமா?

முடியும். பாத்திரத்தை வரவழைத்துச் சண்டையிட வைப்பது பற்றி 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் நிண்டெண்டோவுக்குக் கிடைத்த 12,403,397 எண் காப்புரிமையை மறுஆய்வு செய்ய, அலுவலகத்தின் இயக்குநரே இரண்டு மாதத்தில் உத்தரவிட்டார். கோனாமியின் பழைய விண்ணப்பத்தையும் நிண்டெண்டோவின் சொந்தப் பழைய விண்ணப்பம் ஒன்றையும் சுட்டினார். ஜப்பானில் நிலுவையில் உள்ள விண்ணப்பம் குறித்து, இது புதிதில்லை என்று காட்டும் தகவலை யார் வேண்டுமானாலும், பெயர் சொல்லாமலும், காப்புரிமை அலுவலகத்துக்குக் கொடுக்கலாம். தேதி தெரியும் வீடியோ, கையேடு, பழைய கேமின் திரைப்பிடிப்பு எல்லாம் பயன்படும்.

சென்னையிலிருந்து ஸ்டீம் இணையக் கடையில் கேம் வெளியிடுகிறோம். எங்களுக்கு இது பொருந்துமா?

விற்கும் நாட்டில் பொருந்தும். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(கே) கணினி நிரலை அதன் அளவிலும், 3(எம்) விளையாட்டு ஆடும் முறையையும் காப்புரிமைக்கு வெளியே வைக்கின்றன. ஆனால் ஜப்பான், அமெரிக்காவில் விற்கும்போது அந்தந்த நாட்டுக் காப்புரிமை உங்களைத் தொடும். செய்ய வேண்டியவை: ஜப்பானுக்கு ஜே-பிளாட்பாட், மற்றவற்றுக்குக் கூகுள் பேட்டன்ட்ஸ் என்ற காப்புரிமைத் தேடுதளங்கள், இரண்டும் இலவசம். உங்கள் கேமின் மைய இயக்கத்தை, அதாவது எறிதல், பிடித்தல், ஏறிப் பறத்தல் போன்றவற்றைத் தேடுங்கள். தனித்து நிற்கும் (வேறு கோரிக்கையைச் சாராத) கோரிக்கைகளை மட்டும் எடுத்து, அதன் உறுப்புகளை ஒவ்வொரு வரியாக உடைத்து, உங்கள் கேமில் எது இல்லை என்று குறியுங்கள். ஒன்று இல்லை என்றாலும் பெரும்பாலும் தப்பலாம். பிரிவு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறதா என்று அதன் குடும்பத்தையும், அதாவது ஒரே மூலத்திலிருந்து வந்த மற்ற விண்ணப்பங்களையும், பாருங்கள். அமெரிக்காவில் தெரிந்தே மீறினால் இழப்பீடு மூன்று மடங்குவரை போகலாம், ஆகவே ஐயமுள்ளதை வழக்கறிஞரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு பில்டையும் தேதியோடு சேமியுங்கள். பதிப்பாளர் ஒப்பந்தத்தில், காப்புரிமை வழக்கு வந்தால் முழுச் செலவும் உங்களுடையது என்ற விதி இருக்கிறதா என்று பார்த்து, அதற்கு ஓர் உச்சவரம்பு கேளுங்கள்.

காலாவதியான காப்புரிமையை எப்படிக் கண்டுகொள்வது?

பொதுவாக விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு. இடையில் பராமரிப்புக் கட்டணம் கட்டாமல் விட்டால் அதற்கு முன்பே போய்விடும், நிலையைப் பதிவேட்டில் பாருங்கள். நிண்டெண்டோவின் சிலுவை வடிவத் திசைப் பொத்தானுக்கான அமெரிக்கக் காப்புரிமை 2005ல் முடிந்தது. லோடிங் நேரத்தில் சிறு கேம் ஆட வைக்கும் நாம்கோவின் காப்புரிமை 2015 நவம்பரில் முடிந்தது. இரண்டையும் இன்று யாரும் பயன்படுத்தலாம்.